மூணு மில்லி

பெட்டியை நானே ஒட்டினேன்.
தானே புயலுக்குத் தப்பிய ஜன்னல் கண்ணாடிகள்,
பரணில் செய்தித்தாள் சுற்றிக் கிடந்தவை.
அடியில் கூழாங்கல், அதன்மேல் கரி, அதன்மேல் தென்னைநார்த் தூள்,
குளியலறைக்குப் பின்சுவரில்
தோசைக் கரண்டியால் சீவியெடுத்த பாசி.
குடியிருப்பவர் ஒருவர்தான்.
திருப்பாப்புலியூர் மார்க்கெட்டில் வாங்கிய
வாழையிலைக் கட்டின் சுருளுக்குள்
டிக்கெட் எடுக்காமல் டவுன் பஸ்ஸில் வந்த மரத்தவளை.

மூடிதான் பாக்கி.
அதுவரை கொசுவலைத் துண்டும் நாலு துணிக் கிளிப்பும்.
இரவெல்லாம் அது தப்பிக்கும்.
காலையில் நான் அதை
பிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து, செருப்பிலிருந்து,
ஒருமுறை என் கம்பெனி அடையாள அட்டையிலிருந்து,
என் போட்டோ முகத்தின்மேலிருந்து,
பிய்த்தெடுத்து உள்ளே விடுவேன்.

ஓ.டி.யில் நைனா முகமது கடை.
நாற்பத்தைந்துக்கு முப்பது, நாலு மில்லி கனம் என்றேன்.
"எதுக்கு? சாமி படமா, மீனா?"
தவளைக்கு.
நிமிரவில்லை அவர்.
முனையை மண்ணெண்ணெயில் தோய்த்து
ஸ்கேலை அழுத்தி ஒரே இழுப்பு.
கீறல் தெரியவில்லை, பல்தான் கூசியது.
மேஜை விளிம்பில் வைத்து ஒரு தட்டு,
வறுக்கி போல விட்டுக்கொடுத்தது.
"ஓரம் மழிக்கணுமா, தவளைக்கு?"
மழிச்சிடுங்க. என் விரலுக்கு.

வீட்டில் வைத்துப் பார்த்தேன்.
மூன்று மூலை அமர்ந்தது,
ஜன்னல் பக்க மூலை மூணு மில்லி தூக்கி நின்றது.
திருப்பி வைத்தேன். அதே மூலை.
கவிழ்த்து வைத்தேன். அதே மூலை.
நைனா முகமதைத் திட்ட
எடுத்த போனைக் கீழே வைத்துவிட்டு
டேப்பைக் குறுக்கே பிடித்தேன், மூலைக்கு மூலை.
ஒன்று ஐம்பத்து நாலு புள்ளி மூன்று.
மற்றது ஐம்பத்து மூன்று புள்ளி எட்டு.
கண்ணாடி சரியாகத்தான் இருந்தது.
ஆறு மாதமாக ஒரு கோணலைச்
சதுரமென்று துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நகைக்கடைக் காலண்டரின் அட்டையை
பெட்டிமேல் அழுத்தி, பென்சிலால் உள்விளிம்பை ஒட்டி வரைந்து,
வெட்டி, "இந்தப் பக்கம் மேலே" என்று எழுதி,
மறுபடி பஸ்.
அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"கோணல் வெட்டுக்கு இருபது ரூபா கூட."
கொடுத்தேன்.
பின்னால் நாலு விரல் அகலப் பட்டை, முன்னால் திறக்கிற பலகை,
ஒயர் நுழைய ஒரு மூலையில் நகமளவு கடி.

இரண்டையும் சிலிக்கானால் கீல் போல இணைத்தேன்.
நடுவில் தீக்குச்சி வைத்த இடைவெளி, அடியில் டேப்.
தவளைக்கு ஐஸ்கிரீம் டப்பாவில் இரண்டு நாள் லாட்ஜ்.
வீடெல்லாம் காடி நெடி.
மாடியிலிருந்து பிலோமினா கத்தினாள்:
"சிப்காட்ல எதையோ திறந்து விட்டுட்டானுங்க, ஜன்னலச் சாத்து!"
மூக்காலேயே கம்பெனி பேர் சொல்லும் தெரு எங்களுடையது.
இந்த நெடிக்கு மட்டும் பேர் தெரியாமல்
ராத்திரி வரை வாசலில் நின்றார்கள்.
நான் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மூடி அமர்ந்தது. சத்தமே இல்லாமல்.
இரவு ஐப்பசி மழை.

காலையில் உள்ளே எல்லாம் ஆவி.
புகைபடிந்த கண்ணாடிக்கு அடியில்
நாலு காலும் விரித்து ஒட்டியிருக்கிறது என் தவளை.
அதற்கு நேர் மேலே, வெளியே,
இன்னொன்று.
பெரியது. எந்த வழியாக வந்ததோ,
கொல்லைக் கதவா, குளியலறைச் சாக்கடையா.
வயிற்றுக்கு வயிறு,
நடுவே நாலு மில்லி.

குமிழைத் தூக்கினால்
ஒன்று வெளியே வரும், அல்லது மற்றது உள்ளே போகும்,
அல்லது இரண்டும்.
ஆறரைக்கு ஷிப்ட் பஸ்.
சட்டைப் பையில் தீப்பெட்டி,
அதற்குள் இரை வெட்டுக்கிளி
இன்னும் உதைத்துக்கொண்டிருக்கிறது.