இடைவேளைக்குப் பதினோரு நிமிடம் முன்

இடைவேளைக்குப் பதினோரு நிமிடம் முன்
அவள் ரயிலை விட்டு இறங்குவாள்.
பேர் சொல்லாத ஊர். பனி.
நாவல்பழத் தோல் நிறத்தில்
முழங்காலைத் தாண்டிய கோட்டு.
இரண்டு வரிசைப் பொத்தான், வரிசைக்கு நாலு,
இடப்பக்கம் கடைசியில் ஒன்று இல்லை.
ஆக ஏழு.
கல்மண்டபத்து மருந்துக்கடை கவுண்டரில்
போனை நிறுத்தி நிறுத்தி எண்ணினேன்,
சுகர் மாத்திரைக்குச் சில்லறை எண்ணும்
அதே விரலால்.

படத்தில் அவள் வில்லி.
மூன்று பேரைக் கொல்கிறாள்,
ஒருதரமும் வியர்க்கவில்லை.
எனக்கு அது போதும்.

கொருக்குப்பேட்டை கேட்டு திறக்கக் காத்திருந்து
அந்தப் பக்கம் போனால் முகைதீன் கோடவுன்.
கப்பலில் வந்த பழந்துணி பேல்கள்.
இரும்புப் பட்டையை வெட்டியதும்
பெருமூச்சு விட்டு இரண்டு மடங்காகும்.
லேபிளில் உள்ள எந்தப் பேரும்
முகைதீனுக்குப் படிக்க வராது;
உள்துணியை விரலிடுக்கில் தேய்த்து
விலை சொல்வார், தப்பாது.

முதலில் பெல்ட்டு, அறுபது ரூபாய்.
பிறகு கையுறை, இடக்கைக்கு மட்டும்.
அவள் சுடுவது வலக்கையால் என்பதால்
பாதிக் காட்சிக்கு அது சரிதான்.
பூட்ஸ் ஒரு சைஸ் பெரிது,
முன்னால் பஞ்சு வைத்தேன், கடைப் பஞ்சு.
கைப்பை கிடைத்தபோது சம்பளம் வரவில்லை;
முகைதீன் பதினாறு நாள்
சாக்குக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார்.

கோட்டு ஐப்பசியில் வந்தது,
தெருவெல்லாம் முட்டிக்கால் தண்ணீர்.
அதே நிறம், அதே காலர்,
வாயில் நுழையாத இத்தாலிப் பேர்.
பையில் மடங்கிய டிராம் டிக்கெட்,
யாரோ எங்கேயோ போய்ச்சேர்ந்தது.
வலது பை கொஞ்சம் தொங்கிற்று,
கையை அங்கேயே வைத்திருப்பாள் போல.
அக்குளில் வெளிறிய பிறை.
பனியூரிலும் ஒருத்திக்கு வியர்த்திருக்கிறது.

பொத்தான் எட்டும் இருந்தன.
அதுதான் தொல்லை.
மூன்று நாள் கத்தரிக்கோலை எடுத்து எடுத்து வைத்தேன்.
நாலாம் நாள் அறுத்தேன்.

காசிமேட்டுக் கல்லுமேல் தில்ஷாத் படம் பிடித்தாள்.
மதியம் பன்னிரண்டு, மீன்வாடை,
முதுகில் ஆறு ஓடுகிறது.
சூரை தூக்கிப்போன பையன் நின்று கேட்டான்,
'இன்னாக்கா, ஜொரமா?'
நான் அவளைப் போலவே
கண்ணை மட்டும் திருப்பினேன்.
நகர்ந்துவிட்டான்.
அந்த ஒரு படம்தான் நன்றாக வந்தது.

அதைப் பார்த்து ரீகன் சிரித்தான்.
இப்போது டாக்சி ஓட்டுகிறான்,
அப்போது அந்தப் படத்தில் காஸ்ட்யூமில் எடுபிடி.
'இது எங்கக்கா கெடச்சுது? ஒரிஜினலா?
அவங்க போட்டது சிமிட்ரி ரோட்டு டைலரு தச்சது.
ஸ்கூல் பிளேசர் துணி, ஆயிரத்து எட்நூறு.
பனின்னு பாத்தியே, கல்லுப்பு.'

பொத்தான்? என்றேன்.

'ஏழுதான் இருந்துச்சு. ராவு பத்து மணி, கடை மூடிட்டான்.
டைரக்டரு பாத்தாரு,
இதாம்பா கேரக்டருன்ட்டாரு.'

வீட்டுக்கு வந்து
கோட்டைக் கழற்றாமலே சோறு வடித்தேன்.
கஞ்சி ஆவி காலருக்குள் ஏறியது.
அசலை அறுத்து நகலுக்குச் சமமாக்கியவள்
உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த எட்டாவது பொத்தான்
கல்லாவில் கிடக்கிறது, இரண்டு ரூபாய்களோடு.
தைக்கலாம், நூல்கூட இருக்கிறது.
நேற்று ஒருவர் இருமல் மருந்துக்கு மீதியாக
அதையும் வாங்கிப் போய்
தெருமுனையிலிருந்து திரும்பி வந்தார்:
'இது செல்லாதும்மா.'