காற்றுக்குக் கழிவு

மஸ்கெலியா ரோட்டில், ஏழாம் கட்டை வளைவில்
லொறி இருமியது. பிறகு இருமவும் இல்லை.
டீசல் முள் பொய் சொல்லத் தொடங்கிப் பல மாதம்.
நிஸ்தார் தன் ஆட்டோவில் போய் ஒரு கேன் கொண்டுவந்தார்.
ஊற்றினேன், சாவியைத் திருகினேன்.
ஸ்டார்டர் சுற்றுகிறது, எஞ்சின் பற்றவில்லை.

பின்னால் நாற்பத்தொரு சாக்குக் கொழுந்து.
உள்ளே கையை விட்டால்
காய்ச்சல்காரப் பிள்ளையின் கழுத்துச் சூடு.
இன்னும் ஒரு மணித்தியாலம்;
பிறகு சிவந்துவிடும்.
முகர்ந்து பார்த்தே ஸ்டோரில் திருப்பிவிடுவார்கள்.

சாக்குக்குக் காவலாய் வந்த தெய்வானை
மேலிருந்து இறங்கினாள்.
"என்னா கோளாறு?"
"கொழாய்க்குள்ள காத்து."
மலையைப் பார்த்தாள்:
சவுக்கு மரங்களை எல்லாம் ஒரே பக்கம்
சாய்த்து வைத்திருக்கும் காற்று.
"இம்புட்டு எடம் வெளிய கெடக்க
அதுக்கு உள்ள என்னா வேல?"

பில்டரின் தலையில் சின்ன நட்டு, பத்தாம் நம்பர்.
ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தினேன்.
பம்பின் இடுப்பில் விரல் நீளத்தில் ஒரு தகடு;
அமுக்கி விட வேண்டும், அமுக்கி விட வேண்டும்.
இருபதாவதில் என் கட்டைவிரல் மரத்துப்போனது.
"தள்ளு," என்றாள்.
நாளுக்குப் பதினெட்டுக் கிலோ ஒடிக்கிற விரல்,
ரேகையெல்லாம் கொழுந்துக் கறை.
அது எண்ணவே இல்லை.

முதலில் வெறும் நுரை.
பிறகு நுரையும் டீசலும் முட்டிக்கொண்டு.
பிறகு ஒரு குமிழி.
நெடுநேரம் கழித்து, இதுதான் கடைசி என்று
நம்பவைத்து இன்னொன்று.
இங்கே பொறுமை கெட்டுப் பூட்டுகிறவன்
அடுத்த வளைவில் நிற்பான்.
நான் நின்றிருக்கிறேன்.

நூல் மாதிரித் தெளிவாய் இறங்கியதும் இறுக்கினேன்.
இனி இன்ஜெக்டர் குழாய்கள்.
சாவி திருக அவளை ஏறச் சொன்னேன்;
செருப்பைக் கழற்றிவிட்டு
டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.
முதல் குழாய் துப்பியது, பூட்டினேன்.
இரண்டாவது என் சட்டையில் துப்பியது.
மூன்றாவதைப் பூட்டுமுன்பே
நொண்டிக்கொண்டு எழுந்தது எஞ்சின்,
நாலாவதையும் இறுக்க
நாலு காலில் நின்றது.
வெள்ளைப் புகை பள்ளத்து மூடுபனியோடு போனது.

ஸ்டோர் வாசலில் கணக்கப்பிள்ளை
மணிக்கூட்டைப் பார்த்தார், சாக்கை முகர்ந்தார்.
தராசில் ஏற்றினார்.
"பனித்தண்ணி. சாக்குக்கு ரெண்டு கிலோ கழிவு."
டீசல் நாறும் விரலைப்
படங்குச் சாக்கில் துடைத்தபடி தெய்வானை கேட்டாள்:
"காத்துக்கு எம்புட்டுங்கய்யா கழிப்பீங்க?"

பேனா நின்றது.
பிறகு எழுதியது: இரண்டு.

நான் இன்னும் எஞ்சினை அணைக்கவில்லை.