இரண்டு தராசு

பிரேமர்ஹாஃபன் மீன் துறைமுகத்தில்
எடை போடுகிறவள் வீப்கே.
முத்திரையில்லாத தராசைத் தொடவே மாட்டாள்.

ஆனால் சதுரங்கத்தில்
அவளுக்கே இரண்டு எடை.
ஜெர்மனிக்குள் 1588.
உலகத்துக்கு 1604.
அதுவும் ஒரு மார்ச் காலையில்
சிப்பாய்கூட நகராமல் 1762 ஆகிவிட்டது.
கீழே கிடந்தவர்களையெல்லாம்
கணக்குப் போட்டுத் தூக்கிவிட்டார்களாம்.
கண்ணாடியில் பார்த்தாள்:
அதே கண், அதே தூக்கம்.

ஞாயிற்றுக்கிழமை லீக், ஆறாம் பலகை.
எதிரே ஃபீட்டே, பதினொரு வயது.
உலக எண்ணே கிடையாது, உள்ளூரில் 1102.
கால் தரைக்கு எட்டவில்லை.
ஆப்பிளைக் கடித்தபடி
முப்பத்தோராம் நகர்த்தலில்
அவள் ராணியை வலையில் எடுத்தான்.

ஜூனில் கணக்கு வந்தது.
உள்நாட்டில் இருபத்தாறு போச்சு.
இந்த லீக்கின் தாள்கள்
லோசான் வரை போவதில்லை;
அங்கே அவள்
இன்னும் தோற்கவில்லை.

மீன் வாங்க வந்த ஃபீட்டேயின் அப்பா
தயங்கித் தயங்கிக் கேட்டார்:
"உண்மையில் நீங்கள் எவ்வளவு?"

வீப்கே காட் மீனைத் தட்டில் போட்டாள்.
முள் ஆடி நிற்கும்வரை
ஒன்றும் பேசவில்லை.

"இரண்டு கிலோ நாற்பது" என்றாள்.