எண்பத்தாறாம் எண்ணின் மூச்சு

ஹெலிகாப்டர் எடுத்த படத்தில்
ஹெலிகாப்டரின் சத்தம் மட்டும்தான் இருக்கிறது.
நூற்றுப் பத்து சைக்கிள்கள்
கோம்பாக் தாண்டி மலையேறுகின்றன,
ஒரு சங்கிலிகூட முனகவில்லை.

"சத்தத்தை நீ போட்டுடு," என்றார் ஹஃபிஸ்.
"பன்னிரண்டாம் தேதிக்குள்ள."

அதனால் செந்தூல், மூன்றாம் மாடி, இரவு ஒன்றரை.
கடைசி கொமுட்டர் போன பிறகுதான்
இந்தச் சுவர்கள் வாயை மூடும்.
கீழே மாமாக் கடையில்
ரொட்டி அடிப்பவன் சிகரெட்டுக்கு வெளியே போகும்
ஆறு நிமிடங்களில் மைக்கைத் திறக்கிறேன்.

சக்கரத்துக்கு, நாலாம் மாடி தர்விந்தின் நீலச் சைக்கிள்,
தலைகீழாக.
வாடகை ஒரு மைலோ பாக்கெட்.
கியர் மாற என் ஸ்டேப்ளர் போதும்.
மழை நனைத்த தார்ச்சாலைக்கு
ஈரத் துண்டின்மேல் செலோடேப்பைப் பிரித்தால் சரியாக வருகிறது.
நாலாம் நாள், ரவாங் வளைவில்
பன்னிரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுகிறார்கள்.
அதற்கு ஒரு வாளி நிறையக் கரண்டி.
முதல் தடவை சமையலறை மாதிரி இருந்தது.
எட்டாவது தடவை எலும்பு மாதிரி.
நான் என் முழங்கையைத் தடவிக்கொண்டேன்.

மூச்சுதான் பாக்கி.

ஜெயித்தவனுக்கு நெஞ்சில் மைக் கட்டியிருந்தார்கள்.
அவன் மூச்சு அவனுடையதே.
எண்பத்தாறுக்கு யாரும் கட்டவில்லை.
லிம் சூன் ஹோ, புக்கிட் மெர்தாஜாம், வயது முப்பத்து மூன்று.
உத்தியோகம் தண்ணீர் தூக்குவது.
பின்னால் வரும் காருக்கு நழுவி வந்து
ஏழு பாட்டிலைச் சட்டைக்குள் திணித்து
கூன் விழுந்தவனாக மறுபடி முன்னே போய்
ஆளுக்கொன்று நீட்டி,
மிச்ச நேரத்தில் எதிர்க்காற்றை முகத்தில் வாங்கி
தன் முதுகுக்குப் பின்னால்
இன்னொருவனுக்குக் காற்றில்லாத ஓர் இடம் செய்து தருவது.
படத்தில் அவனுக்கு நாற்பத்தோரு நொடி.
கெந்திங் ஏற்றம், கடைசி நாலு கிலோமீட்டர்.
தலைவனை முன்னே அனுப்பிவிட்டு
சாலையோரம் ஒதுங்குகிறான்,
கால் மட்டும் பழக்கத்தில் சுற்றுகிறது.

மைக் முன் நின்று இளைத்துப் பார்த்தேன்.
காதல் காட்சி மாதிரி இருந்தது.
படிக்கட்டில் இறங்கி ஏறினேன்.
போலீசுக்குப் பயந்து ஓடுகிறவன் மாதிரி.
குடிதண்ணீர்க் கேனைத் தோளில் வைத்து ஏறினேன்.
ஐந்தாம் முறை, இரண்டாம் மாடித் திருப்பத்தில்,
கணக்காளர் அலுவலகத்தின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு
உட்கார்ந்துவிட்டேன்.
வாயில் பழைய ஒரு காசின் ருசி.
சரியான மூச்சு. மைக் மேலே இருந்தது.

காலையில் அவனுக்கே போன் செய்தேன்.
"அந்த இடமா? ஞாபகமில்ல," என்றான்.
"அன்னைக்கு ஹோட்டல்ல சோப்பு தீர்ந்துபோச்சு. அது ஞாபகமிருக்கு."
பிறகு, "எத்தனை நொடி?" என்று கேட்டான்.
சொன்னேன். சிரித்தானா தெரியவில்லை,
அங்கே கோழி வெட்டும் கத்திச் சத்தம்.

மறுநாள் வாட்ஸ்அப்பில் பதினாலு நிமிடம் அனுப்பியிருந்தான்.
செரோக் தோக்குன் மலைப்பாதையில்
போனைச் சட்டைப்பைக்குள் போட்டு ஏறியிருக்கிறான்.
நாய். லாரி ஹார்ன்.
துணி உரசும் சத்தம், துணி, மறுபடி துணி.
ஒன்பதாம் நிமிடத்தில் யாரோ நடைப்பயிற்சிக்காரருக்கு
மூச்சுக்கு நடுவே "பாகி, அங்கிள்."
நான் போட நினைத்ததைவிட
மூச்சு ரொம்பச் சின்னதாக இருந்தது.
மூக்கால் இழுத்து, பல்லிடுக்கால் விட்டு,
சில்லறையை எண்ணிச் செலவழிக்கிறவன் மாதிரி.

நாற்பத்தோரு நொடியை வெட்டி ஒட்டினேன்.
துணிச் சத்தத்தைத் துடைக்கவில்லை.
"என்னது கரகரன்னு?" என்பார் ஹஃபிஸ்.
என்ன சொல்வதென்று இன்னும் யோசிக்கவில்லை.

கதவு தட்டும் சத்தம்.
பள்ளிச் சீருடையில் தர்விந்த்.
சைக்கிள் மூன்று நாள் தாமதம்,
இன்னும் இரண்டு மைலோ வேண்டுமாம்.