பதினான்காம் எண் கல்

பேரணாம்பட்டுக்குத் தெற்கே
கரடிக்குட்டைக் கரையில்
அந்தக் கல்லை நட்டது நான்தான்.
ஆவணி, பகல் பன்னிரண்டு.
சங்கிலி பிடித்தவர் தாவீது.
குழி தோண்டிக் கொடுத்தவன் ராக்கம்மாவின் மகன்.
இரண்டடி மண்ணுக்குள், ஓரடி வெளியே.
தலையில் அம்புக்குறி, பக்கவாட்டில் எண்.
அரசாங்கக் கல்லுக்கு
வேறு அலங்காரம் கிடையாது.

அதற்கு முன் நட்ட மூன்று கற்களையும்
இரவோடு இரவாகப் பிடுங்கிவிட்டு
ஏரி மண்ணை லாரி லாரியாகத்
தன் செங்கல் சூளைக்கு ஓட்டியவர் தனகோட்டி.
புகார் கொடுத்தோம்.
வாங்கி வைத்துக்கொண்டார்கள்.
இதையும் பிடுங்குவார் என்று தெரிந்தே
பதிவேட்டில் கையெழுத்திட்டேன்.

தையில் போனபோது
கல் மஞ்சளாக இருந்தது.
வெள்ளித் தகட்டில் இரண்டு கண்.
அரளி மாலை, கற்பூரம் கரிந்த ஓட்டாஞ்சில்லு.
யார் ஆரம்பித்தது என்று கேட்டேன்.
தண்ணீர்ச் செம்பை நீட்டியபடி
"கனவுல வந்தா" என்றாள் ராக்கம்மா.
அவள் முகத்தில் இருந்தது
பக்தியா, கள்ளச் சிரிப்பா?
என் சங்கிலி அவ்வளவு தூரம் எட்டாது.

எப்படியோ,
தனகோட்டியின் பொக்லைன்
கல்லுக்குப் பத்தடி முன்னால் நின்றுவிட்டது.
ஓட்டுநர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினானாம்.
கலெக்டர் ஆபீஸ் நாலு வருஷம் செய்யாததை
ஐந்து ரூபாய் மஞ்சள் செய்தது.
மண் அள்ளாத ஏரி மறு மழைக்கே நிரம்பியது.
மதகுக்குக் கீழே நூருல்லா பாயின் கேழ்வரகு
முழங்கால் தாண்டியது.
அம்மனுக்குத் தகரக் கூரை வாங்கிக் கொடுத்தவர்
பேர் மட்டும் போட்டுடாதீங்க என்றார்.

இத்தோடு நின்றிருந்தால்
இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.
பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பேன்.

மாசியில் ராக்கம்மாவின் மகன் செத்தான்,
டேனரித் தொட்டிக்குள் இறங்கி.
பாடை கரையேறியதும் வழி மறித்தார்கள்.
அம்மன் இருக்கிற பாதை,
பொணம் போகக்கூடாது.
முதல் குரல் தனகோட்டியுடையது.
கோயில் கமிட்டித் தலைவர்
இப்போது அவர்தான்.

கரையை விட்டு
ஏரிக்குள் இறங்கினார்கள்.
இடுப்பளவு தண்ணீர்.
நாலு பேரும் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி,
சேற்றில் ஒருவன் தடுமாற,
பிணத்தின் கால்மாட்டுப் பூ நனைந்து மிதக்க.
கல் இல்லாவிட்டால்
ஏரியில் தண்ணீர் இருந்திருக்காது.
தண்ணீர் இல்லாவிட்டால்
நடந்தே போயிருக்கலாம்.
கல் இல்லாவிட்டால்
கரையிலேயே போயிருக்கலாம்.
மூன்று இரவு இந்தக் கணக்கைப் போட்டேன்,
விடை ஒவ்வொரு தடவையும் வேறாக வந்தது.

பாதையை அளந்து அறிக்கை தரச்சொல்லி
பங்குனியில் உத்தரவு.
"எங்க சபையில கல்லறைத் தோட்டமே ரெண்டு மேடம்,
நடுவுல சுவரு" என்றபடி
தாவீது சங்கிலியை விரித்தார்.
வேறொன்றும் பேசவில்லை.
புல வரைபடத்தில்
கோயிலுக்குக் குறி உண்டு, மசூதிக்கு, சர்ச்சுக்கு உண்டு.
சுடுகாட்டுக்கும் உண்டு.
ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக
யாருக்கு வழி என்பதற்குத்தான் குறி இல்லை.

எண்ணெய்க் கிண்ணத்தோடு ராக்கம்மா வந்தாள்.
இன்னுமா, என்று கேட்க வாயெடுத்தேன்.
"அவ என்னா பண்ணுவா பாவம்,
அவளைச் சுத்தி யாரு நிக்கிறாங்கன்னு
அவளுக்குத் தெரியுமா" என்று
திரியைக் கிள்ளிப் போட்டாள்.

கட்டைவிரல் நகத்தால் சுரண்டினேன்.
மஞ்சளுக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் அடியில்
ஒன்று, நான்கு.
சுரண்டிய இடத்தை அவளே
மறுபடி பூசிவிட்டாள்.

அறிக்கையில் எழுதினேன்:
பாதை, அகலம் மூன்று மீட்டர் அறுபது.
புறம்போக்கு. எவரும் நடக்கலாம்.
குறிப்பு என்ற கட்டத்தில்
வழக்கமான இரண்டு சொல்:
கல் உள்ளது.

அந்தத் தாளில் என் விரல் பட்ட மஞ்சளை
அழிக்கப் பார்த்தேன்,
பரவித்தான் போயிற்று.
அப்படியே அனுப்பிவிட்டேன்.