குறியீடு ஒன்பது

கணினிக்கு யார்மீதும் கோபமில்லை, பாசமும் இல்லை.
குலுக்கிப் போட்டது. விழுந்தது
பிடோக்கில் ஒரு புளோக், ஏழாம் மாடி, கடைசி வீடு:
பூவராகன், ஐம்பத்து மூன்று.

செவ்வாய் காலை பத்து. பூட்டிய கம்பிக்கதவு.
வியாழன் மதியம்
உள்ளே மின்விசிறி ஓடுகிறது, ஆள் வரவில்லை.
என் பையில் இரத்த அழுத்தக் கருவி, இடுப்பளக்கும் நாடா,
நாற்பத்தாறு கேள்விகள்.
உப்பு எவ்வளவு, உறக்கம் எவ்வளவு,
அப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததா.

எதிர்வீட்டு ரொஹாயா செடிக்கு நீரூற்றியபடி சொன்னார்,
"கிடங்குக் காவல். ராத்திரி வேலை.
பகலில் இடி விழுந்தாலும் எழமாட்டார்."

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம்.
அது மேலாக எடுத்த சோறு.
அடிப்பிடித்ததைக் கரண்டி
தொடவே இல்லை.

மூன்றாம் முறையும் திறக்காவிட்டால் ஒன்பதைத் தட்டவேண்டும்: பதிலில்லை.
ஒன்பதுகளைக் கழித்துவிட்டு
அலுவலகத்தில் சராசரி போடுவார்கள்.
நன்றாகத்தான் வரும்.
கதவு திறந்தவர்கள் எல்லாரும்
இரவில் தூங்குகிறவர்கள்.

சனிக்கிழமை ஏழேகாலுக்கு
மின்தூக்கி வாசலில் நின்றேன்.
நீலச் சட்டை, சிவந்த கண்,
விரலில் தொங்கும் கோப்பிப் பொட்டலம்.
"என்ன விக்கிறீங்க?"
"எதுவும் இல்லை. கேட்க வந்தேன்."
"குடிச்சிட்டு வரவா?"
"குடித்தால் அரைமணி கழித்துத்தான் அளக்கலாம்."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.
பொட்டலத்தைக் கம்பிக்கதவில் மாட்டிவிட்டுச்
சட்டைக்கையைச் சுருட்டினார்.