அக்கரை

பிரேமர்ஹாஃபனில் மழை சாய்ந்துதான் பெய்யும்.
மீன் ஆலையில் என் முறை இரவு பத்துக்கு முடியும்.
உறைந்த துண்டுகள், ஒரே அளவு, ஒரே நிறம்,
பெட்டிக்குப் பதினைந்து.
விரல்களுக்கு உணர்வு திரும்பும்போது
ஓனோ வீட்டு மூன்றாம் மாடியில் இருப்பேன்.

ஆறாவது வருடம் இது.
உப்புத் தீவு என்றொரு பழைய விளையாட்டை
அடியிலிருந்து திரும்பக் கட்டுகிறோம்.
யாரும் கேட்கவில்லை.
யாரும் காசு தரப்போவதுமில்லை.
வக்கீல் கடிதம் வரலாம் என்று மட்டும்
மாதம் ஒருமுறை தீஸ் சொல்வான்,
கரண்ட் பில்லைப் பற்றிச் சொல்வதைப் போல.

பதினாறே நிறங்கள் அதில்.
இரவுக்கும் கடலுக்கும் ஒரே நீலம்.
கலங்கரை விளக்கின் சுவரை
நான் நானூறு சாம்பல்களில் வரைகிறேன்.
அன்று யாரோ நாலே புள்ளியில் வைத்த ஈரம்
இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

பூட்டிய கதவைத் தொட்டால்
'அது நடக்காது' என்று வரும்.
கல்லைத் தின்னப் பார்த்தாலும் அதே.
அரசியிடம் கயிறு கேட்டாலும் அதே.
கீஸ்கே இருநூறு விதமாய் மறுத்து எழுதினாள்,
படித்துப் பார்த்தாள், எல்லாவற்றையும் அழித்தாள்.
"மறுக்கிறவன் வேடிக்கையாய்ப் பேசினால்
இன்னொரு தடவை கேட்கத் தோன்றிவிடும்."
அவளுடைய விவாகரத்து அந்த வாரம்தான் முடிந்திருந்தது.

சண்டை வந்தது படகுக்காரனால்.

மூன்றாம் ஃப்ளாப்பியில், நட்டாற்றில்,
துடுப்பு மேலே இருக்கையில் அவனிடம் பேசினால்
எல்லாம் நின்றுவிடும்:
துடுப்பு, துடுப்பின் நுனியில் விழாத துளி,
கொசுபோல ஒற்றை ஸ்வரம்.
நிரலின் ஒரு வரி
தான் வருவதற்குத் தானே காத்திருக்கும் பிழை.
அணைத்துப் போடுவதைத் தவிர வழியில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. இதெல்லாம் தெரியாது.
அவன் யோசிக்கிறான் என்று நினைத்தேன்.
நான் கேட்டிருந்தது, "உன் மகன் எங்கே?"
அப்படிப்பட்ட கேள்விக்கு நேரம் எடுக்கும்தானே.
விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.
தரையின் தூசியை உறிஞ்சும் இயந்திரத்துக்காக
அம்மா செருகியைப் பிடுங்கினாள்.

ஓனோ அந்த வரியைக் கண்டுபிடித்தான்.
இரண்டு நிமிடத்தில் சரியாயிற்று.
படகு வழுக்கிக்கொண்டு போனது.
படகுக்காரன் வாயைத் திறந்தான்:
"மகனா? நகரத்தில் தச்சு வேலை."
அவ்வளவுதான்.
முப்பத்தைந்து வருடம் ஃப்ளாப்பிக்குள் கிடந்த பதில்,
ஒருவர் கண்ணிலும் படாமல்.
அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துவிட்டவர்கள்போல
நால்வரும் விழித்தோம்.

"பிழை பிழைதானே" என்றான் தீஸ்.
எனக்கு அவன் தச்சனாக வேண்டாம் என்றேன்.
கத்தியிருக்கிறேன் போல;
கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார்.

சரியாய் ஓடுவதைச் சரியாய் நிறுத்த
ஓனோவுக்குப் பதினொரு நாள் பிடித்தது.
இன்றைய கணினிகள் உறைய ஒப்புவதில்லை,
பூங்காக் காவலர்போல வந்து தட்டி எழுப்பிவிடும்.
உறைந்ததுபோல நடிக்கத்தான் கற்பிக்கவேண்டியிருந்தது.

நேற்றிரவு ஓட்டிப் பார்த்தோம்.
நான்தான் கேட்டேன்.
துடுப்பு நின்றது. துளி நின்றது. கொசு வந்தது.
ஆற்றை நிறுத்த மறந்திருக்கிறான் ஓனோ.
நான் வரைந்த நீர்
நின்ற படகைச் சுற்றிச் சுழித்துக்கொண்டு
அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இதையும் சரிசெய்யட்டுமா?"

கீஸ்கே நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.
யாரோ விளக்கை அணைத்தோம்.
கடைசி பஸ் போய்விட்டதைத்
தீஸ் மட்டும் சொன்னான்.